காசு குறைவு, மெஷின் பழசு: எதை முதலில் மாற்றுவது?

ஹேவாஹெட்ட டவுனிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் கம்பியூட்டர் வேலை பழகிக்கொண்டிருக்கும் தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். வீட்டு மெஷினைத் தாங்களே திறந்து பார்க்க நினைக்கிறவர்களுக்கும் ஆகும். புது மொடல்களைப் பற்றிச் சொல்ல யூடியூபில் ஆட்கள் நிறைய. நான் சொல்லப்போவது நம்ம மேசைகளில் இருக்கிற மெஷின்களைப் பற்றி: ஏதோ ஒரு ஆபீசில் உழைத்து ஓய்ந்து, ரீகண்டிஷன் என்ற பெயரில் மலையேறி வந்த டெல், எச்பி, லெனோவோ பெட்டிகள். உள்ளே இன்டெல்லின் இரண்டாம், மூன்றாம் அல்லது நான்காம் தலைமுறை ப்ராசசர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். இதில் எதைக் கழற்றி எதைப் போட்டால் போட்ட காசுக்குப் பலன் கிடைக்கும் என்பதுதான் பேச்சு.

1. "மெஷின் ஸ்லோ, என்ன போடணும்?" என்று கேட்டால் உடனே விலை சொல்லாதே. எந்த வேலையில், எந்த இடத்தில் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று கேள். ஏ.எல். படிக்கிற பிள்ளைக்கு பைத்தனும் பிடிஎஃப்பும் சூமும் ஓடினால் போதும். ட்யூஷன் மாஸ்டருக்கு பாமினியில் ட்யூட் அடித்து, பிரின்ட் எடுக்க வேண்டும். அவருக்கு மெஷின் காலையில் சட்டென்று திறப்பதுதான் பெரிய காரியம். கல்யாண வீடியோ வெட்டுகிற பையனுக்கோ ராத்திரி முழுக்க ரெண்டர் ஓடுவது தலையிடி. மூன்று பேரும் சொல்கிற சொல் ஒன்றுதான், "ஸ்லோ". மூவருக்கும் போட வேண்டிய சாமான் வேறு வேறு.

2. எவ்வளவு காசு என்பதை ரூபாயில் மட்டும் யோசிக்காதே, பேரில் யோசி. 2024-ல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாய் நாள் சம்பளக் கணக்கில், 15,000 ரூபாய் என்பது பதினொரு முழுப் பேர். அதாவது ஒரு அம்மா பதினொரு நாள் மலையில் நின்று கொழுந்து எடுத்த காசு. "ஒரு ஐயாயிரம் சேர்த்துப் போட்டா இன்னும் நல்லதா எடுக்கலாம்" என்று வாய் கூசாமல் சொல்வதற்கு முன் அதை நாளாக மாற்றிப் பார். அந்த நாட்களுக்கு ஈடான பலன் அதில் இல்லையென்றால் சொல்லாதே.

3. காசு கேட்பதற்கு முன் நோயைப் பார். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அந்த ஆள் வழக்கமாக என்ன செய்வாரோ அதையே செய்யச் சொல். குரோமில் அவர் திறக்கிற அத்தனை டேப்பும் திறக்கட்டும், வேர்டும் திறக்கட்டும். நீ பக்கத்தில் நின்று மூன்று எண்களைப் பார்: ப்ராசசர், மெமரி, டிஸ்க்.

டிஸ்க் 100-ல் ஒட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றால், மற்ற இரண்டும் 30, 40-ல் சும்மா கிடந்தால், வியாதி ஹார்ட் டிஸ்க்கில். மெமரி 90-க்கு மேலே போய், அதோடு டிஸ்க்கும் 100-க்கு ஏறினால் ரேம் போதவில்லை. இடம் இல்லாமல் விண்டோஸ் டிஸ்க்கில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. ப்ராசசர் மட்டும் 100-ல் நின்று மற்றவை அமைதியாக இருந்தால்தான் ப்ராசசரைப் பற்றிப் பேச வேண்டும். நம்ம ஊர் மெஷின்களில் இந்த மூன்றாவது வகை குறைவு. அதிலும் பாதி, வைரஸ் கார்ட் இரண்டு ஒன்றாக ஓடுவதால் வருவது.

நம்ம பக்கத்து லூல்கந்துரையில் 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். முதலில் பங்களா விறாந்தையில்தான் இலையைக் கையால் உருட்டிக் கரி அடுப்பில் காயவைத்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. இன்றைக்கு எந்தத் தேயிலை ஃபேக்டரியிலும் வேலை செய்கிறவரைக் கேட்டுப் பார்: கொழுந்து வாடுவதற்கே இடம் போதாமல் கிடக்கும்போது ரோலர் இன்னொன்று வாங்கிப் போட்டால் தூள் கூடுமா? ரோலர்தான் இன்னொன்று சும்மா நிற்கும். கம்பியூட்டரிலும் அப்படித்தான். வாட்டம் எங்கே தாமதமாகிறது என்று பார்க்காமல் ரோலர் விற்காதே.

4. காசில்லாத வைத்தியத்தை முதலில் செய். பெட்டியைத் திற. தூசியைப் பிரஷ்ஷால் தட்டி எடு. ஃபேன் இறகை விரலால் பிடித்துக்கொண்டு ஊது, சுற்ற விடாதே. ப்ராசசருக்கு மேலே பூசியிருக்கும் பேஸ்ட் பத்து வருஷத்தில் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். துடைத்துப் புதிதாகக் கடலையளவு வை. சூடு கூடினால் ப்ராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அதைப் பார்த்துவிட்டு "ப்ராசசர் பத்தாது" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

நம்ம பக்கம் பனியும் ஈரமும் அதிகம். மாசக்கணக்கில் போடாமல் வைத்த மெஷின் பீப் பீப் என்று கத்தி, திரையில் ஒன்றும் காட்டாது. ரேமைக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பள்ளிக்கூட அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்துத் திரும்பப் போடு. பாதிக்குப் பாதி எழுந்துவிடும். நேரமும் திகதியும் தினமும் மாறிப்போகிறது, குரோமில் எந்தப் பக்கமும் திறக்க மாட்டேன் என்கிறது என்றால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 காசு பற்றரி செத்துவிட்டது. அதற்கு விண்டோஸ் அடிக்கிற வேலையெல்லாம் வேண்டாம். ஒரு மதர்போர்டில் கறுத்து, தலை உப்பின கெப்பாசிட்டர் கண்டால் மட்டும் கையை எடுத்துவிடு; அந்த போர்டுக்கு இனிப் புதுச் சாமான் எதுவும் வாங்கிப் போடக்கூடாது.

5. ஒரே ஒரு சாமான்தான் வாங்க முடியும் என்றால், பத்தில் எட்டுப் பேருக்கு அது எஸ்எஸ்டி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

காரணத்தை விளங்கிக்கொள், கேட்கிறவருக்கு நீ விளக்க வேண்டிவரும். ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுற்றுகிறது, ஊசி ஓடித் தேடுகிறது. ஒரு துண்டை எடுக்கச் சுமார் 10 மில்லி செக்கன். அப்படியென்றால் செக்கனுக்கு நூறு துண்டு, அதற்குச் சற்று முன்பின். விண்டோஸ் எழுந்திருக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளைத் தேடுகிறது. எஸ்எஸ்டியில் சுற்றுவதும் இல்லை, தேடுவதும் இல்லை. அதே செக்கனில் பல்லாயிரம் துண்டு வரும். பெட்டியில் எழுதியிருக்கும் 550 எம்பி என்ற வேகத்தை வைத்து மயங்காதே. நாம் உணர்கிற வித்தியாசம் அந்தச் சின்னத் துண்டுகளில்தான்.

அதனால்தான் பழைய மெஷினுக்குச் சாதாரண சாட்டா எஸ்எஸ்டி போதும் என்கிறேன். என்விஎம்இ என்று குச்சி மாதிரி வருவது 3,500 எம்பி வேகம் என்பான் கடைக்காரன். நான்காம் தலைமுறை போர்டுகள் பெரும்பாலானவற்றில் அதைக் குத்த இடமே கிடையாது. கார்ட் வாங்கிப் போட்டாலும் பயோஸ் அதிலிருந்து எழும்பாது. 240 அல்லது 256 ஜிபி எடு. 120 எடுத்தால் விண்டோஸ் அப்டேட்டுகள் வந்து வந்து ஒரு வருஷத்தில் சிவப்புக் கோடு விழும். விலையில் வித்தியாசம் சின்னது.

போடுகிற விதம்: புது விண்டோஸை எஸ்எஸ்டியில் புதிதாக அடி. பழைய டிஸ்க்கை எறியாதே, அதை இரண்டாவதாக மாட்டிப் படங்களும் பாடல்களும் வைக்கக் கொடு. லப்டொப் என்றால் சீடி டிரைவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேடி என்ற தட்டில் பழைய டிஸ்க்கை வைக்கலாம். கேடியில் 9.5, 12.7 மில்லிமீற்றர் என்று இரண்டு தடிப்பு உண்டு, அளந்துகொண்டு போ.

6. எதையும் கழற்றுவதற்கு முன் அந்த வீட்டுப் படங்களை வேறொன்றில் பிரதி எடு. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும்: நீலம் நல்லது, மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு முடிந்தது. மஞ்சள் கண்டால் ஸ்பீடு பேச்செல்லாம் அப்புறம், அன்றைக்கே பிரதி. லயத்து வீட்டில் பிள்ளையின் ஐந்தாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப் படமும் செத்துப்போன தாத்தா படமும் அந்த ஒரே டிஸ்க்கில்தான் இருக்கும்.

7. அடுத்தது ரேம். 4 ஜிபியில் இன்றைய குரோம் மூச்சுத் திணறும். 8 ஜிபி ஆனால் படிப்பு வேலைக்கும் ஆபீஸ் வேலைக்கும் தாராளம். வீடியோ வெட்டுகிறவருக்கு 16. அதற்கு மேலே நம்ம மெஷின்களுக்கு வேண்டாம். எச்81 மாதிரி போர்டு 16-க்கு மேலே ஏற்கவும் ஏற்காது.

வாங்கப் போகும் முன் பார்க்க வேண்டியவை சில. டாஸ்க் மேனேஜரில் மெமரிப் பக்கத்திலேயே எத்தனை இடத்தில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும். இரண்டு இடம், ஒன்று காலி என்றால் காரியம் சுலபம். இரண்டிலும் 2 ஜிபி குத்தியிருந்தால் ஒன்றைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்பதை முன்னாலேயே சொல்லிவிடு, பிறகு "என் ரேமை எடுத்துட்டான்" என்ற பேச்சு வரும். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றிலும் வெட்டுக் குறி வேறு வேறு இடத்தில். ஒன்றுக்கு மற்றது இறங்காது, அமுக்கிப் பார்க்காதே. லப்டொப் ரேம் குட்டையானது, மேசை மெஷினுக்குப் பொருந்தாது. டிடிஆர்3-இலும் 1.5 வோல்ட், 1.35 வோல்ட் என்று இரண்டு. மூன்றாம் தலைமுறைக்குப் பிறகு வந்த லப்டொப்புகள் பல 1.35 மட்டுந்தான் கேட்கும். பழைய குச்சியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போவதுதான் புத்தி.

இன்னொன்று, இது அடிக்கடி நடக்கிறது. 8 ஜிபி வாங்கிப் போடுவார்கள், மெஷின் 3 சொச்சம்தான் காட்டும். ரேம் போலி என்று கடைக்காரனோடு சண்டைக்குப் போவார்கள். குற்றம் ரேமில் இல்லை. உள்ளே கிடப்பது 32 பிட் விண்டோஸ். அது எவ்வளவு போட்டாலும் மூன்றரைக்கு மேலே தொடாது. 64 பிட் அடித்தால் அதே மெஷின் முழு எட்டையும் காட்டும். எத்தனை பிட் என்று பார்க்காமல் ரேம் விற்கிறவனிடம் மறுபடி போகாதே.

விலை பற்றி ஒரு வார்த்தை. 2025 கடைசியில் உலகம் முழுக்க ரேம் விலை மளமளவென்று ஏறியது. ஏஐக்காகக் கட்டுகிற பெரிய டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போனதால் வந்த வினை. குரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்ற ஆட்களுக்கு ரேம் விற்ற மைக்ரோன் கம்பனி, அந்தச் சில்லறை வியாபாரத்தையே விட்டுவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆகவே "போன வருஷம் நான் இந்த விலைக்குத்தானே வாங்கினேன்" என்று யாரும் சொன்னால் பொய் சொல்கிறார் என்று நினைக்காதே. பழைய டிடிஆர்3 குச்சி, கழற்றிய மெஷின்களிலிருந்து வருவது, நம்ம ஆட்களுக்கு இன்னும் வழி. பாவித்த ரேமில் தேய்மானம் குறைவு. பயப்படாமல் எடுக்கலாம், மெம்டெஸ்ட் ஒரு ராத்திரி ஓடவிட்டுப் பார்த்தால் போதும். பாவித்த எஸ்எஸ்டியை மட்டும் தொடாதே.

8. ப்ராசசரை மாற்றுவது, நூற்றில் தொண்ணூறு வீட்டில், தேவையில்லாத ஆசை.

இன்டெல்காரன் இரண்டு தலைமுறைக்கு ஒருமுறை சொக்கட்டை மாற்றிவிடுவான். 2011-ல் 1155, 2013-ல் 1150, 2015-ல் 1151, 2020-ல் 1200, 2021-ல் 1700. உன் போர்டில் எந்த எண் இருக்கிறதோ அந்தக் கூட்டுக்குள்ளேதான் ஆடலாம். அதைத் தாண்ட வேண்டுமானால் போர்டு, போர்டோடு ரேம், சில வேளை பவர் சப்ளையும் மாறும். அது அப்கிரேட் இல்லை, புது மெஷின். ஏஎம்டியின் ஏஎம்4 கூடு மட்டும் 2017-இலிருந்து பல தலைமுறை ரைசனைத் தாங்கியது. அந்த போர்டு யாரிடமாவது இருந்தால் அவருக்கு நல்ல காலம், ப்ராசசரை மட்டும் மாற்றி இன்னும் சில வருஷம் ஓட்டலாம்.

விதிவிலக்கு ஒன்று. நான்காம் தலைமுறை போர்டில் பென்டியமோ செலரோனோ குந்தியிருந்தால், கழற்றிய ஐ5-4570 ஒன்றை மலிவாகப் பிடித்துப் போடலாம். இரண்டு கோர் நான்காகும், வித்தியாசம் கையில் தெரியும். 4590 மாதிரி 2014-ல் வந்த பிந்திய ரகம் என்றால் பழைய போர்டுக்கு முதலில் பயோஸ் அப்டேட் வேண்டிவரலாம். பென்டியம் மாட்டியிருக்கும்போதே அதைச் செய்துவிடு. கழற்றின பிறகு நினைத்துப் பயனில்லை.

9. விஜிஏ கார்ட் கேட்டு வருகிறவன் பெரும்பாலும் கேம் விளையாடுகிற தம்பி. அவனைத் திட்டாதே, நாமும் அந்த வயசைத் தாண்டி வந்தவர்கள்தான். ஆனால் பெட்டியின் பக்க மூடியைத் திறந்து அவனுக்கே காட்டு. டெல் ஆப்டிபிளெக்ஸ் 7020, 9020 மாதிரி மெஷின்களில் சின்னப் பெட்டிக்கு 255 வாட், பெரிய பெட்டிக்கு 290 வாட் பவர் சப்ளைதான். விஜிஏவுக்குத் தனி வயர் கிடையாது. "பவர் சப்ளையை மாற்றிடுவோம்" என்பான். மதர்போர்டுக்குப் போகிற பிளக்கைக் கழற்றிக் கையில் கொடு: அதில் 8 முள். கடையில் விற்கிற சாதாரணச் சப்ளையில் 24 முள். மாற்றுக் குட்டி வயர் தேடி வாங்கலாம், அதற்கும் காசு. பெட்டிக்குள் சப்ளை உட்கார இடமும் வேண்டும். எச்பியிலும் இதே மாதிரிச் சொந்த வழக்கங்கள் உண்டு.

அவனுக்கு ஏற்றது, மதர்போர்டில் குத்துகிற இடத்திலிருந்தே மின்சாரம் குடிக்கிற ரகம். 30 வாட் ஜிடி 1030, கட்டைப் பெட்டிக்கும் அடங்கும். ஆனால் அதிலேயே இரண்டு உண்டு: ஜிடிடிஆர்5 போட்டது ஒன்று, டிடிஆர்4 போட்டது இன்னொன்று. பெயர் ஒன்று, பெட்டி ஒன்று, வேகம் ஒன்றல்ல. டிடிஆர்4 எழுதியிருந்தால் திருப்பிக் கொடு. பெரிய பெட்டிக்காரன் 75 வாட் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ வரை போகலாம். பாவித்த விஜிஏ என்றால் கடையிலேயே மாட்டி அரை மணித்தியாலம் ஓடவிட்டுப் பார்த்து எடு.

வீடியோ வெட்டுகிற பையனுக்குக் காசில்லாத மருந்து ஒன்று உண்டு. போனில் எடுத்த வீடியோ மெஷினில் விக்கி விக்கி ஓடினால், பெரும்பாலும் அது எச்.265 முறையில் பதிவானது. நான்காம் தலைமுறை இன்டெல்லுக்கு அதை ஒழுங்காக விரிக்கிற வன்பொருள் உள்ளே இல்லை. போன் கமரா செட்டிங்கில் போய் எச்.264-க்கு மாற்றி, 4கே-யை 1080-க்கு இறக்கச் சொல். கல்யாண வீட்டார் டீவியில் பார்க்க அது போதும்.

10. மின்சாரத்துக்குச் செலவழிக்கிற காசை யாரும் அப்கிரேட் என்று நினைப்பதில்லை. நான் நினைக்கிறேன். சித்திரை வருஷப்பிறப்பை ஒட்டியும், தீபாவளிக்கு முன்பின்னும் பின்னேரத்தில் இடி இறங்குகிற மலை இது. இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட மாசங்கள், மார்ச் ஏப்ரல், ஒக்டோபர் நவம்பர். அந்த மாசங்களில் பழுதுக்கு வருகிற மெஷின்களில் பாதி மின்னல் அடித்தவை. வானம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்கு. சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது. டெலிபோன் வயரில் வருகிற ரவுட்டர் என்றால் அந்த வயரையும், ரவுட்டரிலிருந்து கம்பியூட்டருக்கு வரும் வயரையும் கழற்று. மின்னல் கரண்ட் வயரில் மட்டும் வருவதில்லை.

எர்த் பார். பழைய லயத்து அறைகளில் மூன்று முள் சொக்கட் இருக்கும், மூன்றாவது முள்ளுக்குப் பின்னால் வயரே இருக்காது. பெட்டியின் இரும்பைத் தொட்டால் விரல் சிலிர்க்கிறது என்று சொன்னால் சிரித்துவிட்டு விடாதே, லைசன்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடச் சொல். அது உன் வேலையும் இல்லை, என் வேலையும் இல்லை.

யூபிஎஸ் என்பது படிக்க அல்ல, சேவ் பண்ணி மூடுவதற்கு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன காலத்தில் ஆட்கள் முண்டியடித்து யூபிஎஸ் வாங்கினார்கள். அந்தப் பற்றரிகளின் ஆயுள் இரண்டு மூன்று வருஷம். இன்றைக்கு அவை மேசைக்குக் கீழே வெறும் பாரமாகக் கிடக்கின்றன. யூபிஎஸ் முழுவதையும் எறிய வேண்டாம், உள்ளே 12 வோல்ட் பற்றரியை மட்டும் மாற்று.

11. இப்போது எல்லோரும் கேட்கிற கேள்வி விண்டோஸ் 11. விண்டோஸ் 10-க்கான சாதாரண ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. 11-க்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை வேண்டும். நம்ம நான்காம் தலைமுறைக்கு முறைப்படி அது ஏறாது. குறுக்கு வழியில் ஏற்றலாம். யூடியூப் முழுக்க அதுதான். உன் சொந்த மெஷினில் செய்து பழகு. அடுத்தவர் மெஷினில் செய்தால் ஒரு நாள் அப்டேட் வந்து குழம்பும்போது உன்னைத்தான் தேடி வருவார்கள், அதற்கு ஒப்புக்கொண்டு செய்.

இதற்காக மட்டும் புது மெஷின் வாங்கச் சொல்லிப் பயமுறுத்தாதே. படிப்பு, இன்டர்நெட், கடிதம் என்று நிற்கிறவர்களுக்கு லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடு. 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இருந்தால் நான்காம் தலைமுறையில் வெண்ணெய் மாதிரி ஓடும். தமிழ்99 விசைப்பலகை உண்டு. பாமினி வெறும் எழுத்துரு ஃபைல்தானே, அதையும் நிறுவினால் லிப்ரே ஆபீசில் பழைய ட்யூட் எல்லாம் திறக்கும். பத்தி, டேபிள் கொஞ்சம் நகரும், முதல் தடவை பக்கத்தில் இருந்து சரிசெய்து கொடு. பேங்க் காரியத்தைப் பழைய விண்டோஸ் 7-இல் செய்கிறவர் யாரும் இருந்தால் அவருக்குத்தான் அவசரம்.

12. எங்கே நிறுத்துவது என்று தெரிந்துகொள். என் கணக்கு இது: பழைய மெஷினில் போடப்போகிற மொத்தக் காசு, எட்டாம் தலைமுறை ரீகண்டிஷன் மெஷின் ஒன்றின் விலையில் பாதியைத் தாண்டினால் அந்தக் காசைப் போடாதே. சீட்டு ஒன்று கட்டி, சில மாசம் பொறுத்து, அதை எடு. எஸ்எஸ்டி வாங்கியாயிற்று என்றால் அது புது மெஷினுக்கும் வரும், வீண் இல்லை. டிடிஆர்3 ரேம் வராது. இதனாலும்தான் எஸ்எஸ்டியை முதலில் சொன்னேன்.

இரண்டாம் தலைமுறை எச்61 போர்டு, டிஸ்க் மஞ்சள், பவர் சப்ளை சத்தம், மொனிட்டரில் கோடு என்று நான்கும் சேர்ந்து வந்தால் மரியாதையாகச் சொல்லிவிடு: "அக்கா, இதுல காசு போட வேணாம்." அவர்கள் கோபிக்கலாம். பரவாயில்லை.

13. வாங்கப் போகும்போது. தலாத்துஓயா வழியாகக் கண்டிக்கு பஸ் ஏறிப் போய் வருவதற்கும் காசு, ஒரு நாள் பேரும் போகும். ஆகவே ஒரே நடையில் முடிக்கப் பார். போர்டில் அச்சடித்த மொடல் எண், ரேம் ஸ்டிக்கர், பவர் சப்ளை லேபல், பெட்டிக்குள் காலி இடம், எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொள். ஒரு கடையில் விலை கேட்டவுடன் எடுக்காதே, இரண்டு மூன்று கடை ஏறி இறங்கு. கொழும்புக்கு யாராவது போகிறார்கள் என்றால் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் விலை கேட்டு வரச் சொல், கண்டி விலையோடு ஒப்பிடத் தோதாக இருக்கும். பஸ் செலவைச் சேர்த்துத்தான் மலிவா என்று பார்க்க வேண்டும்.

பில் வாங்கு. வாரண்டி எத்தனை வருஷம், எது சேராது என்று எழுதி வாங்கு. எரிந்த தடம், துரு, கிழிந்த ஸ்டிக்கர் இருந்தால் வாரண்டி இல்லை என்று அநேகமாக எல்லா பில்லிலும் பின்பக்கம் இருக்கும். விலையில் வற் வரி சேர்ந்ததா என்று கேள். 2024 ஜனவரியிலிருந்து அது 18 சதவீதம். முகநூலில் 2 டிபி எஸ்எஸ்டி பாதி விலைக்கு என்று வருவதெல்லாம் போலி. உள்ளே சின்ன மெமரி கார்டை ஒட்டி, பெரிய அளவு காட்டுகிற மாதிரி எழுதிவைத்திருப்பார்கள். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசக் கருவி அதை முழுக்க எழுதிப் பார்த்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

"இன்னும் இறங்கட்டும், பிறகு வாங்கலாம்" என்று காத்திருப்பது நம்ம நாட்டில் எப்போதும் லாபமில்லை. 2022 மார்ச் ஆரம்பத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாசத்தில் 360-ஐத் தொட்டது. தேவை இருக்கிறது, காசும் கையில் இருக்கிறது என்றால் வாங்கிவிடு. தேவை இல்லையென்றால் எவ்வளவு இறங்கினாலும் வாங்காதே.

14. யூடியூப் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்பது மெஷின் ஸ்லோ அல்ல. பள்ளத்தில் இருக்கிற லயங்களுக்கு டவர் எட்டாது. ரவுட்டரை ஜன்னலோரம், மேட்டுப் பக்கம் வைத்துப் பார். அதே இணைப்பில் போனிலும் சுற்றினால் காசைக் கம்பியூட்டரில் போடாதே.

15. கீபோர்ட், மவுஸ், மொனிட்டர்: உடைந்தால் மாற்று, அவ்வளவுதான். ஒன்றே ஒன்று, ஏ.எல். பிள்ளை 15 அங்குலப் பழைய சதுர மொனிட்டரில் கண்ணைச் சுருக்கிப் படிக்கிறது என்றால், பாவித்த 19 அல்லது 22 அங்குலம் ஒன்று ரேமைவிட முந்திவரலாம். இதை எந்த டாஸ்க் மேனேஜரும் காட்டாது, நீதான் பார்க்க வேண்டும்.

16. கழற்றின சாமான் வீட்டுக்காரருடையது. ரேமோ டிஸ்க்கோ, ஒரு பைக்குள் போட்டு அவர் கையில் கொடு. "இது எதுக்கு?" என்று கேட்டால், விற்கலாம், இல்லாவிட்டால் இன்னொரு பிள்ளையின் மெஷினுக்குக் கொடுக்கலாம் என்று சொல். ஹார்ட் டிஸ்க்கை விற்கிறார் என்றால் வெறும் டிலீட் போதாது. முழு ஃபோர்மட் போட்டு, விரைவு ஃபோர்மட் என்ற டிக்கை எடுத்துவிட்டு, அது முடியும்வரை மெஷினை விடு. 500 ஜிபிக்கு நேரம் நிறைய எடுக்கும். கூலி எவ்வளவு என்பதை அதற்கு முன்பே பேசியிருக்க வேண்டும்.